பதினேழு குறைகளும் ஒரு மரப்பொந்தும்

ஒரு காட்டில் செல்போன் கோபுரம் நட்டு நாலு மாதம் ஆகியிருந்தபோது, எறும்பு தின்னும் அழுங்கு ஒன்று நாடகம் பார்க்கத் தொடங்கியது.

அதன் பெயர் சௌந்தரம். உடம்பெல்லாம் செதில், வயதான பிராணி, கூச்ச சுபாவம். யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடப் பந்தாகச் சுருண்டுவிடும். பகலில் தூங்க வேண்டிய இனம்தான். ஆனால் அருவி பார்க்க வந்தவர் ஒருவர் மறந்துவிட்டுப் போன செல்போனும், வெயிலில் சார்ஜ் ஏறும் கருவியும் அதன் வளைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, அது பகலில் தூங்கவில்லை.

அது பார்த்தவை தாய்லாந்து, ஜப்பான், கொரியா, தைவான் நாட்டுத் தொடர்கள். எல்லாவற்றிலும் இரண்டு ஆண்பிள்ளைகள். முதலில் முறைத்துக்கொள்வார்கள், அப்புறம் ஒளிந்திருந்து பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் விரும்புவார்கள். சௌந்தரத்துக்கு இந்தக் கதைகள் மிகவும் பிடித்தன. பிடித்ததால்தான் குறை கண்டது. அறுபத்து நாலு தொடரும் பதினொரு படமும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மரப்பட்டையில் நகத்தால் கீறி வைத்தது. எதற்கும் நாலுக்கு மேல் கொடுத்ததில்லை.

பக்கத்து வளையில் கோமளம் என்ற முள்ளம்பன்றி இருந்தது. அதுவும் கூட உட்கார்ந்து பார்க்கும். எல்லாவற்றுக்கும் ஐந்து கொடுத்துவிடும்.

"இந்தப் பையன் மழையில நிக்கான், அந்தப் பையன் குடையோட வாரான். எனக்கு நெஞ்சை அடைக்குது சௌந்தரம்."

"இது அம்பத்தொண்ணாவது குடை."

"இருக்கட்டுமே. பிள்ளை நனையாம இருந்தா சரி."

"குடையை இவன் பக்கம் சாய்ச்சிட்டான். அவன் தோள் நனையுது பாரு. இது நாப்பத்து நாலாவது தோள்."

"நீ பாக்கியா, எண்ணுதியா?"

"எண்ணாம எப்படிப் பாக்க?" என்றது சௌந்தரம்.

ஒரு நாள் அது தன் மனக்குறைகளை எல்லாம் சேர்த்து ஒரே பட்டையில் கீறியது. மேலே 'எனக்குச் சலித்துப்போன பதினேழு' என்று தலைப்புப் போட்டது. ஒருவன் தடுக்கி மற்றவன் மேல் விழுவது, விழுந்தபின் இரண்டு முகத்துக்கும் நடுவில் நாலு விரற்கடை இருப்பது: ஐம்பத்தேழு தொடர். காய்ச்சலில் கிடப்பவன் நெற்றியில் ஈரத்துணி: நாற்பத்தொன்பது. காதலைச் சொல்லப்போகும் நேரத்தில் முகக் கிரீம் டப்பாவை எடுத்து விளம்பரம் போலத் திருப்பித் திருப்பிக் காட்டுவது: முப்பத்தெட்டு. நாயகன் பொறியியல் கல்லூரியில் படிப்பது: இருபத்தொன்பது. அந்த இருபத்தொன்பதிலும் சேர்த்துப் பாடம் நடந்தது இரண்டு வகுப்பு. உயரமானவன்தான் காப்பாற்றுவான், குட்டையானவன்தான் தும்முவான்: ஐம்பத்தெட்டு. ஒரு வாய் வார்த்தை பேசினால் தீரக்கூடிய விஷயத்துக்காகப் பதினொன்றாம் பாகத்தில் பிரிந்து வெளிநாடு போவது: அறுபது.

கீழே ஒரு வரி தனியாக இருந்தது. 'இவர்கள் சேர்ந்ததற்கு மறுநாள் என்ன செய்தார்கள் என்று ஒரு தொடரும் காட்டவில்லை.'

அந்தப் பட்டை அதன் வளையோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. கோமளம் அதை எடுத்துப் பலாச்சுளை பொதிந்துகொண்டு பொந்து அலுவலகத்துக்குப் போனது.

பொந்து அலுவலகம் என்பது காட்டில் உள்ள வளைகளையும் பொந்துகளையும் பதிவு செய்யும் இடம். அங்கே அலுவலர் ஓர் உடும்பு. ஒரு காகிதத்தைப் பிடித்தால் விடாது. அன்று வரிசையில் கோமளத்துக்கு முன்னால் இரண்டு இருவாச்சிப் பறவைகள் நின்றன. ஒன்றின் பெயர் வேலாயுதம், மற்றதன் பெயர் இன்னாசி. இரண்டும் ஆண். குங்கிலிய மரத்தின் பெரிய பொந்தில் ஒன்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கின்றன.

இருவாச்சி இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையை அடைகாக்க ஜோடியில் ஒன்று பொந்துக்குள் போய் உட்காரும், வாசலை மண்ணால் பூசிவிடுவார்கள். மற்றது வெளியே இருந்து பூசலின் இடுக்கு வழியாகப் பழம் ஊட்டும். வேலாயுதத்துக்கும் இன்னாசிக்கும் முட்டை கிடையாது. ஆனாலும் வழக்கத்தை விட மனமில்லை. ஒரு வருடம் அது உள்ளே, மறு வருடம் இது உள்ளே.

அந்த வருடம் புதிதாக ஓர் உத்தரவு வந்திருந்தது. பொந்து ஜோடிகளுக்கு மட்டும். தனியாட்கள் கிளையில்தான் தங்க வேண்டும். மழைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பொந்து கைவிட்டுப் போனால், கிளையில் உட்கார்ந்து மழையைத் தாங்கும் வயது இரண்டுக்கும் இல்லை.

உடும்பு விண்ணப்பத்தைப் பார்த்தது.

"ஏழாவது கட்டம் காலியா இருக்கே. உள்ளே அடைபடுறவர் யாரு, ஊட்டுறவர் யாரு?"

"முறை வச்சு மாத்திக்கிடுவோம்யா" என்றது இன்னாசி.

"முறை வைக்கக் கட்டம் இல்லை. அது கிடக்கட்டும். நீங்க ஜோடின்னு நான் எப்படி நம்ப?"

"ஒம்பது வருசமா ஒண்ணாத்தானே இருக்கோம்."

"ஒண்ணா இருக்கிறது எல்லாம் ஜோடியா? எங்க ஆபீஸ்ல நானும் குமாஸ்தாவும் பதினாலு வருசமா ஒண்ணா இருக்கோம். ஆணும் பெண்ணும்னா எனக்கு அளவு தெரியும். ரெண்டு ஆணுக்கு அளவு எங்க இருக்கு?"

அப்போது கோமளம் பசி தாங்காமல் பொட்டலத்தைப் பிரித்தது. உடும்பின் கண் பட்டையின் மேல் விழுந்தது. இரண்டு ஆண்கள், பதினேழு இலக்கம், ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை. தலைப்பு இருந்த இடத்தில் பலாப்பால் ஒட்டியிருந்தது.

"இதோ இருக்குதே அளவு" என்றது உடும்பு. பட்டைக்கு வரிசை எண் போட்டு முத்திரை குத்தியது. "பதினேழுல பன்னிரண்டு வாங்கினா ஜோடி. இதை எழுதினது யாரோ அவங்களே பரிசோதகர்."

மறுநாள் சௌந்தரத்தைக் குங்கிலிய மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தார்கள் என்றால், சுருண்ட நிலையில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அது மூக்கை மட்டும் வெளியே நீட்டியது.

"ஐயா, அது குறைகளோட பட்டியல். ஒரு நல்ல கதையில இதெல்லாம் இருக்கக் கூடாதுன்னு எழுதினது."

"முத்திரை குத்தியாச்சு" என்றது உடும்பு.

சௌந்தரம் வேறு வழியில்லாமல் கேட்கத் தொடங்கியது.

"மழையில குடை பிடிச்சதுண்டா?"

"மழை வந்தா பொந்துக்குள்ள போயிருவோம்மா" என்றது வேலாயுதம்.

"தடுக்கி விழுந்ததுண்டா?"

"இன்னாசி ஒரு தடவை விழுந்தான்."

"உங்க மேலயா?"

"பலாப்பழத்து மேல."

"காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டீங்களா?"

"துணிக்கு எங்க போக? பக்கத்துலயே கிடந்து, மழையில ஏன்டா பறந்தேன்னு மூணு நாள் ஏசினேன்" என்றது இன்னாசி.

"ஏசினதோட நிறுத்தினான்னு நினைக்காதீங்க. எங்க அம்மாவையும் சேர்த்து ஏசினான்" என்றது வேலாயுதம்.

சௌந்தரம் யோசித்து அரை மதிப்பெண் போட்டது.

"தூங்குற முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்ததுண்டா?"

"குறட்டை எப்ப நிக்கும்னு பாத்திருக்கேன்" என்றது வேலாயுதம்.

"பார்த்தது பார்த்ததுதான். ஒண்ணு. ஒருத்தர் மிச்சம் வச்சதை மற்றவர் தின்னதுண்டா?"

"தினமும்."

"ரெண்டரை. வாயோரம் ஒட்டினதைத் துடைச்சு விட்டதுண்டா?"

இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்தன. "அதெல்லாம் கிடையாது" என்றது வேலாயுதம். சௌந்தரத்துக்குக் கூச்சம் என்றால் என்னவென்று தெரியும். மேலே கேட்கவில்லை.

மொத்தம் இரண்டரை. உடும்பு பேனாவை எடுத்தது.

சௌந்தரத்துக்கு மனசு கேட்கவில்லை. கூடப் பத்து கீறினால் போதும், ஆனால் எண்ணிக்கையில் அது இதுவரை பொய் சொன்னதில்லை. பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டது.

"நீங்க சேர்ந்ததுக்கு மறுநாள் என்ன செஞ்சீங்க?"

"மறுநாளா?" இன்னாசி தலையைச் சொறிந்தது. "பொந்து நிறைய எறும்பு. நாள் பூரா உட்கார்ந்து பொறுக்கினோம். தூக்கிப் போட மனசில்லாம, தேக்கிலையில கட்டி, கீழ எறும்பு திங்கிற அம்மா ஒண்ணு இருக்குன்னு உங்க வளை வாசல்ல வச்சிட்டு வந்தோம். கூப்பிட்டா சுருண்டுக்கிடுவீங்கன்னு சொன்னாங்க. அதான் கூப்பிடல."

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தேக்கிலைப் பொட்டலம் வந்தது சௌந்தரத்துக்கு நினைவு இருந்தது. யார் வைத்தது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

அது ஒரு புதுப்பட்டையை எடுத்து, ஐந்துக்கு ஐந்து என்று கீறி, உடும்பிடம் நீட்டியது. அதன் வாழ்நாளில் முதல் ஐந்து.

"இதுக்குக் கட்டம் இல்லையே" என்றது உடும்பு. "ஆனாலும் நான் இரக்கமில்லாதவன் இல்லை. ஏழு நாள் தாரேன். மறுபரிசோதனை."

அன்றிலிருந்து ஆறு நாள் சௌந்தரம் அந்த இரண்டு பறவைகளுக்கும், தான் வெறுத்த அத்தனை குறைகளையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே உயரம். அது ஆகாது. வேலாயுதம் கல்லு மேல ஏறி நிக்கட்டும்."

"கீழ நிக்கிறவன் என்ன செய்யணும்?" என்றது இன்னாசி.

"தும்மணும்."

சேப்பங்கிழங்கு இலையைக் குடையாகப் பிடித்தார்கள். மழை இல்லாததால் கோமளம் மேலே இருந்து தண்ணீர் ஊற்றியது. ஊற்றும்போதெல்லாம் அழுதது.

"பதினொண்ணாம் பாகத்துக்கு இன்னாசி சொல்லாமக் கொள்ளாம அடுத்த மலைக்குப் போயிரணும்."

"நான் சொல்லாமப் போனா இவன் சாப்பிட மாட்டான்மா."

"அதுதான் வேணும்."

"எனக்கு வேண்டாமே" என்றது இன்னாசி. ஆனாலும் போனது. போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, வேலாயுதம் சாப்பிட்டதா என்று கோமளத்திடம் ரகசியமாகக் கேட்டுவிட்டு, மறுபடி போனது.

மறுபரிசோதனை நாளில் காடு முழுவதும் கூடிவிட்டது. உடும்பு தன் மனைவியையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தது.

குடைக்கு ஒன்று, நனைந்த தோளுக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று என்று சௌந்தரம் கீறிக்கொண்டே வந்தது. கற்றாழை மடலை முகக் கிரீம் என்று வேலாயுதம் காட்டியபோது, கூட்டத்தில் பலர் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பொறியியல் கல்லூரிக்கு மதிப்பெண் இல்லை. காட்டில் கல்லூரி இல்லை. பிரிவுக் காட்சியில் உடும்பே மூக்கைச் சிந்தியது. கடைசியில் தடுக்கி விழும் காட்சி. இன்னாசி சரியாகத்தான் விழுந்தது. ஆனால் இருவாச்சியின் அலகு ஒன்றரை சாண். நாலு விரற்கடைக்கு முகம் வரவே முடியவில்லை. அலகும் அலகும் மோதி, விறகு பிளந்த மாதிரி சத்தம் வந்தது.

சௌந்தரம் அரைதான் போட்டது. மொத்தம் பதினொன்றரை.

"போட்டுவிடேன், அரைதானே" என்று கோமளம் முள்ளால் குத்தியது.

"நாலு விரற்கடை வரலியே" என்றது சௌந்தரம்.

உடும்பு கோப்பை மூடியது. கூட்டம் எழுந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வேலாயுதம் கல்லைவிட்டு இறங்கி, ஆறு நாள் களைப்பில், பக்கத்தில் கிடந்த அத்திப்பழம் ஒன்றைத் தின்றது. பாதியை இன்னாசி பக்கம் தள்ளியது.

"சரிவே, கிளைதானே. ஒட்டி உட்கார்ந்துக்கிடுவோம்" என்றது.

"முதல்ல மூஞ்சியப் பாரு" என்றது இன்னாசி. சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், வேலாயுதத்தின் அலகோரம் ஒட்டியிருந்த அத்திச் சதையைத் தன் சிறகு நுனியால் துடைத்துவிட்டது. தினமும் செய்கிற வேலை என்பது துடைத்த வேகத்திலேயே தெரிந்தது.

சௌந்தரம் முழு உடம்பையும் விரித்து எழுந்து நின்றது. அது நேராக நின்று காடு பார்த்ததில்லை.

"வாயோரம் துடைக்கிறது. பதினாலாவது இலக்கம். முழு ஒண்ணு. மொத்தம் பன்னிரண்டரை."

உடும்பு பட்டையைச் சரிபார்த்தது. இலக்கம் இருந்தது. முத்திரை குத்திப் பொந்தை எழுதிக் கொடுத்தது. ஏழாவது கட்டத்தில், கல்லின் மேல் நின்றவர் ஊட்டுபவர் என்று தானே நிரப்பிக்கொண்டது. அந்த வருடம் அடைபடும் முறை கல்லின் மேல் நின்ற வேலாயுதத்துடையதுதான். அதை யாரும் அலுவலகத்தில் சொல்லவில்லை.

மழை வந்தது. ஐந்துக்கு ஐந்து என்று கீறிய பட்டையைச் சௌந்தரம் அவர்களுக்கே கொடுத்துவிட்டது. பொந்தில் சாரல் அடிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பட்டை அதற்கு அளவாக இருந்தது. மறுபரிசோதனையன்று நடந்த நாடகத்துக்கும் சௌந்தரம் தனியாக மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது. ஐந்துக்கு இரண்டு. கடைசிக் காட்சி இல்லாவிட்டால் ஒன்றரை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உடும்பின் மனைவி வீட்டுக்குப் போனதும் அந்தப் பதினேழையும் கணவனிடம் வரிசையாகக் கேட்டது. கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருடம். உடும்பு வாங்கியது பூஜ்யம். உத்தரவு எல்லா ஜோடிக்கும் பொதுவா என்று மனைவி கேட்க, முத்திரை குத்திய காகிதத்தை மீற மனமில்லாத உடும்பு, பொது என்றது. இப்போது அது கிளையில் தங்கியிருக்கிறது. அலுவலகத்துக்கு அங்கிருந்தே நனைந்துகொண்டு வருகிறது.

நீதி: உங்களவர் வாயோரம் ஒட்டியதை வீட்டுக்குள் ஒன்பது வருடம் துடைத்துவிட்டாலும் அது கணக்கில் சேராது, பொந்து வேண்டுமானால் ஒரு தடவையாவது அலுவலர் பார்க்கும்படி துடைக்கவும்.