மூடாத மடிக்கணினியும் கனடா அக்காவும்

ஒரு மடிக்கணினியை விரியத் திறந்தபடி மடியில் ஏந்திக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிவரை பஸ்ஸில் போயிருக்கிறேன். மூடத் தெரியாமல் அல்ல, மூடப் பயந்து. குடாநாட்டில் இதே காரியத்தைச் செய்த இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து அறியத் தரவும். இரண்டு பேர் போதும், தலைவரும் செயலாளருமாக ஒரு சங்கம் தொடங்கிவிடலாம். (பொருளாளரைப் பிறகு பார்ப்போம்.)

அப்போது நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் பிரதி அதிபர். படிப்பித்தது தமிழ் இலக்கியம். ஆனால் ஒருமுறை அலுவலகத்து பிரின்டருக்குள் சிக்கியிருந்த தாளைக் கிழியாமல் இழுத்தெடுத்துவிட்டேன். அன்றிலிருந்து பாடசாலையின் கணினி நிபுணர் நான்தான். மறுத்திருக்கலாம். இலக்கியம் படிப்பிக்கிறவனை யாரும் நிபுணர் என்று கூப்பிடுவதில்லையே, அதனால் மறுக்கவில்லை.

மாம்பழக் காலத்தில் ஒருநாள், எங்கள் உயர்தர வகுப்பை நிறுத்தப்போவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இருந்தது பதினொரு பிள்ளைகள். அது போதாதாம், அவர்களை நகரத்துப் பாடசாலைக்கு அனுப்பலாமாம். பதினொரு பேரில் ஏழு பேர் பெண்பிள்ளைகள். இரண்டு பஸ் மாறிப் போய்வர வீட்டில் விடமாட்டார்கள், படிப்பு அதோடு நின்றுவிடும். இது எங்களுக்குத் தெரியும், கடிதத்துக்குத் தெரியாது. ஆட்சேபனை இருந்தால் மூன்று அதிகாரிகள் முன்னிலையில், பதினைந்து நிமிடத்துக்குள், படக்காட்சியோடு விளக்கலாம் என்று அடியில் ஒரு வரி இருந்தது. இடம் சாவகச்சேரி.

எங்கள் அதிபர் ஒரு பெண்மணி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆசிரியரும் இடமாற்றமாகிப் போய்விட்டார். அதிபர் என்னைக் கூப்பிட்டு, கடிதத்தை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "சேர், கதைக்கிறதை நான் கதைப்பன். படத்துக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறன்."

முப்பத்திரண்டு பக்கங்கள் தயாரித்தேன். முதற்பக்கத்தில் அதிபரின் முகம், திரை முழுவதும். (என்னைப் பற்றிய வருடாந்த அறிக்கையில் கையெழுத்திடுவது அவர்தான்.) பாடசாலையின் பெயரை அடியில் கொடியும் பூவும் படர்ந்த எழுத்தில் போட்டேன். போட்ட எனக்கே அதை வாசிக்க முடியவில்லை. வேலை முடிந்த திருப்தியில் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமத்தினேன். திரை வெளிறியது. மென்பொருள் செயலிழந்துவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து துக்கம் தெரிவித்தது. முப்பத்திரண்டு பக்கமும் போய்விட்டன. இடையில் ஒருமுறையாவது சேமித்தேனா என்று கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். இந்தமுறை பக்கத்துக்கு ஒரு தரம் சேமித்தேன். மூடினேன். அதே வெளிறல், அதே துக்கம். மறுபடி திறந்து பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்திருப்பான். நானும் வந்தேன்: ஏதோ இந்தமுறை தப்பிவிட்டது, அடுத்தமுறை தப்பாது.

பிறகு வைத்தியம் தொடங்கியது. மென்பொருளை அகற்றித் திரும்ப ஏற்றினேன். கணினியை நிறுத்தி, சுவரில் மின் ஆளியையும் நிறுத்தி, ஒரு மணித்தியாலம் ஓய்வு கொடுத்தேன். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். திறக்கும்போது நல்ல பிள்ளையாகத் திறந்தவை எல்லாம் மூடும்போது உயிரை விட்டன. துணைநிரல்களைக் கழற்றிப் பாருங்கள் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார். துணைநிரல் என்றால், மென்பொருளுக்கு உதவியாக நாமே கொண்டுவந்து சேர்க்கும் சின்ன வேலையாள். நான் அப்படி எவரையும் சேர்க்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததால் அந்த யோசனையைத் தள்ளிவிட்டேன்.

கடைசியில் ஒரு கொள்கை பிறந்தது. மூடினால்தானே சாகிறது? மூடவே வேண்டாம். சாவகச்சேரியில் அதிகாரிகள் பார்த்து முடிக்கும்வரை கோப்பு திறந்தே இருக்கட்டும்.

என் மனைவி தபால் கந்தோரில் வேலை. காலையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "சேவ் பண்ணிட்டியள்தானேயப்பா, பிறகு மூடினால் என்ன?" என்று கேட்டார். தொழில்நுட்பம் தெரியாதவர்களோடு விவாதிப்பதில்லை என்று பேசாமல் குடித்தேன்.

மோட்டார் சைக்கிளில் ஒரு கையால் கணினியைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. ஆகவே பஸ். யாழ்ப்பாணத்தில் மாறி ஏறியபோது யன்னலோரத்து இருக்கை கிடைத்தது. திரை தூங்கிவிடாமல் இருக்கப் படக்காட்சியை ஓடவிட்டிருந்தேன். ஆகவே அதிபர் முழு முகத்தோடு என்னைப் பார்த்தபடி வந்தார். பள்ளம் திட்டியில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் இரண்டு கையாலும் கணினியை அணைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் பெரிய பையோடு நீலச் சேலை கட்டிய ஓர் அம்மா. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"கனடாவோ தம்பி?"

இந்த ஊரில் ஒருவன் திரையை ஏந்திக்கொண்டு திரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் சொந்தத்துக்குக் கோயிலையோ கலியாண வீட்டையோ காட்டுகிறான். உண்மையை விளக்கத் தொடங்கினால் கிளிநொச்சி வந்துவிடும் என்று தோன்றியது.

"ஓம்" என்றேன்.

"அக்காவோ?"

"ஓம்."

"ஆள் அசையிறா இல்லை."

"லைன் சரியில்லை."

ஒரு பொய்க்கு இவ்வளவு குடும்பம் இருக்குமென்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா என் தோளுக்கு மேலாகக் குனிந்து, உங்கை இப்ப குளிரோ என்று அதிபரிடம் விசாரித்தார். பதில் வராததைப் பார்த்து, குளிருக்கு முகம் இறுகித்தான் போய்விட்டது என்று பரிதாபப்பட்டார். பின்னால் இருந்த ஒருவர், தன்னுடைய மருமகனும் கதைக்கத் தொடங்கி இரண்டாம் நிமிடத்தில் இப்படித்தான் சிலையாகிவிடுவான், அதிலும் காணி விஷயம் கதைத்தால் உடனேயே ஆகிவிடுவான் என்றார். கொண்டக்டர் டிக்கட்டை மறந்து எட்டிப் பார்த்தார். அந்த அம்மா பையைத் துழாவி ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தார்.

"பிள்ளை, இதைப் பார். உங்கை இது கிடைக்குமே?"

அதிபர் மாம்பழத்தை முறைத்தார். மூலையில் பற்றரி இருபது வீதம் என்றது. என் கவலை முழுக்க அந்த எண்ணில் இருந்ததால், பஸ் கைதடிச் சந்தியில் நின்றதைக் கவனிக்கவில்லை. அதிபரின் வீடு கைதடியில் என்பதும், அவரும் அதே அலுவலுக்கு அதே நேரத்தில் பஸ் ஏறவேண்டியவர் என்பதும் ஒரு பிரதி அதிபருக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயங்கள்.

அவர் ஏறினார். குடையை மடக்கிக்கொண்டு நேரே எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்த அம்மா திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பின்னாலிருந்தவர் எழுந்து நின்றே பார்த்தார். அம்மாவின் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. பாசம்தான் இருந்தது.

"எப்ப பிள்ளை கனடாவிலை இருந்து வந்தனீங்கள்?"

"ஆர் போனது?" என்றார் அதிபர்.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், முழு பஸ்ஸும் கேட்கத்தக்கதாக. மூடினால் செத்துவிடும் என்பதிலிருந்து தொடங்கி, லைன் சரியில்லை, திரைக்கு மாம்பழம் காட்டியது என்பதுவரை. அந்த அம்மா மாம்பழத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அது எனக்குத் தரப்படவிருந்த பழம் என்று இன்றும் நம்புகிறேன்.

மண்டபத்தில் இன்னொரு அடி காத்திருந்தது. படம் காட்டும் கருவியை அங்கிருந்த கணினியில் மட்டும்தான் பொருத்தியிருந்தார்கள். கோப்பைப் பென்ட்ரைவில் தரச் சொன்னார்கள். மூன்று அதிகாரிகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பற்றரி ஐந்து வீதம். இதை மூடாமல் எப்படி என்று நான் அதிபரின் காதில் தொடங்கினேன். அவர் குனிந்து, காட்சியை நிறுத்தி, ஒற்றை விரலால் பெருக்கல் குறியை அமத்தினார்.

திரை வெளிறியது. துக்கப் பெட்டி வந்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். பதினொரு பிள்ளைகளின் முகமும் வரிசையாக வந்தன. ஏழாவது முகத்தில் கண் இருட்டியது.

"திருப்பித் திறவுங்கோ" என்றார் அதிபர்.

திறந்தேன். முப்பத்திரண்டு பக்கமும் இருந்தன.

"சேவ் பண்ணின சாமான் எங்கை போகும்? மூடேக்கை விழுந்தால் விழட்டும். அதுக்கு ஏன் சேர் என்னைக் கனடாவுக்கு அனுப்பினனீங்கள்?"

அவ்வளவு நிம்மதியும் அவ்வளவு வெட்கமும் ஒரே மூச்சில் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. பென்ட்ரைவுக்கு மாற்றிக் கையில் எடுத்த கையோடு கணினி அணைந்துபோனது. அதன் கடமை முடிந்திருந்தது.

அதிபர் பேசியபோது என் படங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொரு பிள்ளைகளின் பெயரையும் தாள் பார்க்காமல் சொன்னார். ஒவ்வொருவரும் எந்த ஒழுங்கையால் நடந்து எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருக்கும் என்று சொன்னார். நடு அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அந்தக் கணினியில் கோப்பை மூடினேன். ஒரு முனகலும் இல்லாமல் மூடிக்கொண்டது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. வகுப்பு தொடரும். அதிபர் அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் சும்மா நின்றேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல் துணைநிரல் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒன்று இருந்தது. பழைய தமிழ் எழுத்துருவைப் புதியதாக மாற்றித் தருவதற்கென்று எப்போதோ நானே கொண்டுவந்து சேர்த்தது. அதைக் கழற்றியதும் எல்லாக் கோப்புகளும் அமைதியாக மூடின. எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அப்போது மனைவி வீட்டில் இல்லை. (ஆனால் பஸ் கதை முன்பே அவர் காதுக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து, கேற்றைப் பூட்ட மறந்தாலும் சோற்றுப்பானையை மூட மறந்தாலும், "மூடினால் செத்துப்போம் எண்டு விட்டியளோ?" என்ற கேள்வி வரும்.)

அதிபர் போன வருடம் ஓய்வு பெற்றார். மகளோடு இருக்க இப்போது உண்மையிலேயே கனடாவுக்குப் போய்விட்டார். போய்ச் சேர்ந்த கிழமையே எங்கள் வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். திரையில் முழு முகம். வணக்கம் மேடம் என்றேன். பதில் இல்லை. சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்றேன். இமைகூட அசையவில்லை.

"லைன் சரியில்லை" என்று மனைவியிடம் சொன்னேன்.

மனைவி குசினிக்குள் போய், ஒரு மாம்பழத்தை எடுத்துவந்து திரைக்கு முன்னால் பிடித்தார். ஒரு கணம் அந்த முகம் அப்படியே இருந்தது. பிறகு உதட்டோரம் துடித்தது. பதினாறு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தவன், அவர் சிரிப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.