சுவர் சொன்ன வாக்கு

ஒளியார் குறி சொல்வதில்லை. சுவர்தான் சொல்லும். இந்த ஒரு புதுமைக்காக, மரச்சாமான் கடைக்கு மேலிருக்கும் வாடகைக் கூடத்தின் படிக்கட்டில் ஞாயிறு காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. படிக்காதவர்கள், படித்தவர்கள், படித்ததை மறந்தவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. கடைசி ரகம்தான் கொஞ்சம் கூடுதல்.

கூடத்துக்குள் ஒரு வெள்ளைச் சுவர். அதில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் இரண்டே சொற்கள்: இந்தப் பக்கம் ‘செய்’, அந்தப் பக்கம் ‘செய்யாதே’. ஒளியார் மேடையில் ஏறிச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார்.

"என் கையில ஒண்ணுமில்ல. நல்லாப் பாத்துக்குங்க."

எல்லோரும் நல்லாப் பார்த்துக்கொள்வார்கள். விளக்கு அணையும். கேள்வி கேட்க வேண்டியவர் எழுந்து கேட்பார். எங்கிருந்தோ ஒரு சிவப்புப் புள்ளி சுவரில் வந்து விழும், லேசாக நடுங்கும், இங்கும் அங்கும் அலையும், பிறகு ஒரு சொல்லின் மேல் போய் உட்காரும். அதுதான் வாக்கு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படி வாக்கு வாங்கியவர்களில் ஒருவர்தான் நம் தையல்காரர். கோட்டு தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர் வாங்கியவர். ஆனால் ஆறு மாதமாக வலது கண்ணில் புரை. ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டைக் கருநீல நூலால் தைத்துக் கொடுத்தார். ஒரு பேங்க் அதிகாரியின் பேன்ட்டில் இடது கால் ஒரு அங்குலம் குட்டை. பாவம், அந்த மனிதர் இரண்டு நாள் தன் காலைத்தான் சந்தேகப்பட்டார்.

கண் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "சின்ன ஆபரேஷன்தான். வர்ற வியாழக்கிழமை வந்துடுங்க."

சின்ன ஆபரேஷன் என்றாலும் கத்தி கத்திதானே. முப்பத்தைந்து வருஷம் கத்தரிக்கோல் பிடித்தவருக்குக் கூர்மையான சாமான் என்னவெல்லாம் செய்யும் என்று தெரியும். ராத்தூக்கம் போயிற்று. ‘வேண்டாம்’ என்று சொல்ல யாராவது கிடைக்கமாட்டார்களா என்று மனசு தேடியது. டாக்டர் சொல்லவில்லை, மனைவி சொல்லவில்லை. கடைசியில் ஒரு சுவர் கிடைத்தது.

கூடத்து வாசலில் டோக்கன் கொடுப்பது ஒளியாரின் மனைவி. அம்மணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "என்ன கவலை?" என்று அவள் பரிவாகக் கேட்டதில் தையல்காரர் உருகிப்போய், புரை, வியாழக்கிழமை, கத்தி பயம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அம்மணி ‘உச்’ கொட்டிக் கேட்டுக்கொண்டாள். எல்லோரும் உள்ளே போனதும் அவளும் வந்து கடைசி வரிசையில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்மூடித் தியானத்தில் உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் செய்யலாமா?" என்று தையல்காரர் கேட்டார். மற்றவர்களுக்குப் புள்ளியாகத் தெரிந்தது, அவருடைய புரை விழுந்த கண்ணுக்குச் சிவப்புப் பூவாகவே தெரிந்தது. பூ நேராக ‘செய்யாதே’யில் போய் அமர்ந்தது. உடனே சொற்கள் தாமாக மறைந்து ஒரு பாட்டிலின் படம் வந்தது. ஒளித்தைலம், காலை இரண்டு சொட்டு, மாலை இரண்டு சொட்டு, கீழே கிடைக்கும். விலையையும் சுவரே சொன்னது. ஒளிக்கும் கல்லாப்பெட்டிக்கும் எவ்வளவு நெருக்கம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

தையல்காரர் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். வியாழக்கிழமையும் நிம்மதியாகக் கழிந்தது. வெள்ளிக்கிழமை கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

அன்றைக்குத்தான் அவர் மனைவியின் தங்கை வந்து இறங்கினாள். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் கம்பெனியில் விற்பனையாட்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டு வகுப்பு எடுப்பாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"மாமா, கண்ணுல என்ன?"

"தைலம்."

"யார் குடுத்தா?"

"சுவர்."

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதே" என்றாள் அக்கா. "நான் பேசி ஓஞ்சுட்டேன். இனி நீயாச்சு, உன் மாமாவாச்சு."

"உள்ள இருக்கற அழுக்கெல்லாம் வெளிய வருது. அதான் சிவப்பு" என்றார் தையல்காரர், பயத்தை வெளியே காட்டாமல்.

கொழுந்தியாள் வாதாடவில்லை. சுவர் எப்படிப் பேசுகிறது, எந்தப் பக்கம் பேசுகிறது, அப்போது யார் யார் எங்கே இருப்பார்கள் என்று மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை நானும் வரேன் மாமா. எனக்கும் சுவர்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றாள். இவளுக்காவது நம்பிக்கை வந்ததே என்று தையல்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. முதல் கேள்வி நடந்துகொண்டிருக்கும்போதே, நடுவரிசையில் ஒரு மளிகைக்காரர் கால் மரத்துப்போய் எழுந்து நின்றார். நல்ல உயரம், நல்ல வழுக்கை. சுவரிலிருந்த புள்ளி பொசுக்கென்று காணாமல் போய் அவருடைய பின்மண்டையில் பளிச்சென்று விழுந்தது.

"ஒளி தலையில இறங்கிடுச்சு" என்று யாரோ கத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மளிகைக்காரரின் மண்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முப்பது வருஷமாக அந்த வழுக்கைக்கு வருத்தப்பட்டவர், முதல்முறையாகப் பெருமைப்பட்டார்.

கூட்டம் முழுக்க மண்டையைப் பார்த்தது. கொழுந்தியாள் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரருக்கு மானம் போயிற்று.

"முன்னால பாரும்மா."

"பாக்கவேண்டியதைத்தான் பாக்கறேன் மாமா."

தையல்காரரின் முறை வந்தது. "கண்ணு ரொம்ப எரியுது. தைலத்தை நிறுத்தட்டுமா?" என்று கேட்டார். பூ மலர்ந்தது, ‘செய்யாதே’யில் உட்கார்ந்தது.

அடுத்த நொடி ‘செய்’யின் மேல் இன்னொரு பூ மலர்ந்தது.

ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே. ஒளியாருக்கு வியர்த்தது. ஆனால் தொழில்காரர் அல்லவா, சட்டென்று கையைத் தூக்கினார்.

"பாருங்க. உங்க நம்பிக்கையைப் பாத்து ஒளி இரட்டிச்சிருக்கு."

கை தட்டல் காதைக் கிழித்தது. ஒரு அம்மாள் விம்மி அழுதாள். சுவர் ஒரே நேரத்தில் ‘செய்’ என்றும் ‘செய்யாதே’ என்றும் சொல்கிறதே, எதைக் கேட்பது என்று ஒரு பிராணிகூடக் கேட்கவில்லை.

"ரெண்டாவது என்னோடது" என்றாள் கொழுந்தியாள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் கையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புச் சாமான். "இது மவுஸ். மேசை வேண்டாம், ஒயர் வேண்டாம், கையில பிடிச்சுக்கிட்டே ஓட்டலாம். இந்தப் பட்டனை அழுத்தினா கம்ப்யூட்டர்ல அடுத்த படம் வரும். இதை அழுத்தினா சிவப்பு லேசர். நான் தினமும் இதை வச்சுதான் கிளாஸ் எடுக்கறேன்."

ஒளியார் சிரித்தார். "போலி இருக்குன்னாலே அசல் ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம்?"

இதற்கும் கை தட்டினார்கள். வாதம் அவ்வளவு பலமாக இருந்ததாம்.

"அப்ப அசலுக்கு ஒரு சின்னக் கேள்வி" என்றாள் அவள். "மாமா, உங்க சட்டைப் பையில பட்டன் இருக்கும், ஊசி இருக்கும். ஏதாவது ஒண்ணை எடுத்துக் கையை மூடிக்குங்க. எனக்கும் காட்டாதீங்க. பட்டன்னா ‘செய்’, ஊசின்னா ‘செய்யாதே’. கண்ணுக்குள்ள இருக்கற புரை தெரிஞ்ச ஒளிக்குக் கைக்குள்ள இருக்கறது தெரியாதா?"

கேள்வி நியாயமாகப் பட்டதால் கூட்டம் தலையாட்டியது. ஒளியாரால் மறுக்க முடியவில்லை. தையல்காரர் இருட்டில் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். மூடிய கையை உயர்த்தினார்.

புள்ளி வெகுநேரம் அலைந்தது. ‘செய்யாதே’யைத் தொட்டது, பின்வாங்கியது. கடைசியில் ‘செய்’யில் உட்கார்ந்தது. விளக்கைப் போட்டார்கள்.

தையல்காரர் கையை விரித்தார். உள்ளே பட்டனும் இல்லை, ஊசியும் இல்லை.

"நான் ஒண்ணுமே எடுக்கல" என்றார் மெதுவாக. ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. பையில் பட்டன் விரலில் பட்டது, ஊசியும் பட்டது. எரிகிற கண்ணும் நினைவுக்கு வந்தது. வெறுங்கையை மூடிக்கொண்டார்.

"எடுத்திருப்பீங்க, ஒளி மறைச்சிருக்கும்" என்றார் மளிகைக்காரர். நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

"இன்னொரு தடவை அணைங்க" என்று தையல்காரரே உரக்கச் சொன்னார். "பட்டன் எங்க போச்சுன்னு ஒளியே காட்டட்டும்."

விளக்கு அணைந்தது. வேறு வழியில்லாமல் புள்ளி சுவரில் தோன்றியது. கொழுந்தியாள் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துத் தலைக்கு மேல் இரண்டு உதறு உதறினாள். வெள்ளைத் தூசி மிதந்தது. அந்தத் தூசிக்குள் ஒரு சிவப்புக் கோடு, கட்டி இழுத்த நூல் மாதிரி, சுவரிலிருந்து பின்பக்கமாக ஓடியது.

நூல் பிடித்துப் போவது தையல்காரருக்குப் புதிதா என்ன? தும்மிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு நடந்தார். கோடு சட்டென்று அறுந்தது. அதற்குள் அவர் கடைசி வரிசைக்கு வந்துவிட்டார்.

"அம்மணி, அந்தச் சால்வையை ஒரு நிமிஷம் எடுங்க."

"நான் தியானத்துல இருக்கேன்" என்றாள் அம்மணி, கண்ணைத் திறந்துகொண்டே. எழுந்து ஓடப் பார்த்தாள். சால்வை நாற்காலியில் மாட்டி இழுக்க, கறுப்புச் சாமான் ஒன்று தரையில் விழுந்து பட்டன் அமுங்கியது. அங்கே சுவரில் பாட்டில் படம் தானாக வந்தது, விலையோடு.

பிறகு நடந்ததை விவரிப்பானேன். ஒளியார் பின்பக்கப் படியில் இறங்கியபோது கீழே மளிகைக்காரர் நின்றிருந்தார். சட்டைக் காலரைப் பிடிக்க ஒளி எதுவும் தேவைப்படவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர், "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார்கள். அப்பவே சந்தேகப்பட்டவர்கள் எதற்கு ஏழு மணிக்கே வரிசையில் நின்றார்கள் என்பதைச் சுவர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் தையல்காரரைக் கிழிகிழியென்று கிழித்தார். இன்னும் ஒரு வாரம் அந்தத் தைலத்தை விட்டிருந்தால் கண்ணே போயிருக்கும் என்றார். மூன்று வாரம் மருந்து போட்டுச் சிவப்பு தணிந்த பிறகு ஆபரேஷன் நடந்தது. தையல்காரர் கொழுந்தியாளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனார். உள்ளே போனவர் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாகக் கடையில் மாட்டியிருந்த தன் ஆறு மாதத் தையலைப் பார்த்து, அரைநாள் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்துப்போட்டார்.

அடுத்த மாதம் பேன்ட்டைச் சுருக்கக் கொண்டுவந்த வாடிக்கைக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"விஷயம் தெரியுமா? பஸ் நிலையத்துக்குப் பின்னால புதுசா ஒருத்தர் வந்திருக்கார். இவர் பழையவர் மாதிரி இல்ல, நிஜமானவர். இவருக்குப் பச்சைப் புள்ளி விழுது."

தையல்காரர் ஊசியில் ஒரே குத்தில் நூல் கோத்தார்.

"பச்சையும் கடையில விக்குது. சுவத்துல புள்ளி விழுந்தா, அத்தனை பேரும் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. ஒரு தடவையாவது கழுத்தைத் திருப்பிப் பின்னால பாருங்க. கழுத்து அதுக்குத்தான் திரும்புது."