கோவளத்து வண்டியை அனுப்ப வேண்டாம்

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
20 டிசம்பர் 1946

மகா கனம் பொருந்திய மைத்துனர் ஹென்றி அவர்களுக்கு லூயிஸ் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை ஐரினும் சர்வேசுரன் கிருபையால் சுகம். கோவளத்தில் தங்கள் சுகமும், அல்போன்சா அக்காவின் சுகமும், தென்னைகளின் சுகமும், முக்கியமாக வண்டி மாட்டின் சுகமும் அறிய ஆவல். நிற்க.

அந்த மாடு இந்த வருஷம் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும். கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள் வழக்கம்போல் வண்டி அனுப்ப வேண்டாம். நாங்கள் வரப்போவதில்லை. கல்யாணமான வருஷம் தொட்டு இருபத்தொன்பது தடவை மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் உங்கள் கடற்கரை வீட்டில் தங்கி, உங்கள் மீனைத் தின்று, நீங்கள் சுறா பிடித்த கதையை வருஷத்துக்கு ஒரு முழம் நீளமாகக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறோம். நன்றி கெட்டவன் இல்லை நான். ஆனால் மச்சான், ஒன்று கேட்கிறேன், எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் கடல். ராத்திரியெல்லாம் அதே இரைச்சல், ஜன்னல் கம்பியெல்லாம் அதே உப்பு. கடலிலிருந்து கிளம்பி இருபது மைல் வண்டியில் குலுங்கிக் கடலுக்கே போய்ச் சேருவதற்கு ஒரு மனுஷன் எதற்கு முப்பது வருஷம் பூகோள வாத்தியாராக இருந்திருக்க வேண்டும்?

காரணம் வேறு ஒன்றும் உண்டு, மறைப்பானேன். போன வருஷம் உங்கள் வீட்டு மணலில் உட்கார்ந்திருக்கும்போது, அடிவானத்தில் மேகம் குவிந்து நின்றதைப் பார்த்து ஐரின், "மலைங்கிறது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். நீங்கள் சாய்வு நாற்காலியிலிருந்தபடியே, "உன் புருஷனைக் கேளு, கரும்பலகையில போட்டுக் காட்டுவார்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நீங்கள் சிரித்ததைப்பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அவள் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. இமயமலை எத்தனை அடி என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் நான் ஏறிய உயரமெல்லாம் பள்ளிக்கூடத்து மாடிப்படி. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். ஜனவரி இரண்டாந்தேதி சேலத்துக்கு ரயில். அங்கிருந்து அடிவாரம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பழைய நடைபாதை வழியாகக் கால்நடை. வெயிலுக்குப் பயந்தவன் சித்திரையில் பஸ்ஸில் போவான். நாங்கள் பனி கொட்டும்போது, கித்தான் கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே போவோம். அங்கே காப்பித் தோட்டத்தில் இருக்கும் என் பழைய மாணவன் வெள்ளைத்துரை, விறகு மட்டும் நிறையச் சேர்த்து வைப்பதாக எழுதியிருக்கிறான்.

இதற்குப் பயிற்சி வேண்டாமா? நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்த மறுவாரமே ஆரம்பித்தேன். ஐரினிடம் சொல்லவில்லை, கடைசியில் சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன். பட்டாளத்தில் கழித்துக் கட்டிய கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கினேன், முழங்கால் வரை வரும், சாக்கு மாதிரி குத்தும். குல்லா ஒன்று. கூடாரம் இன்னும் வந்து சேராதபடியால் அதன் கனத்துக்கு ஈடாக வீட்டு அம்மிக்குழவியைப் போர்வையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டேன். விடியற்காலையில் மாம்பலம் ஸ்டேஷன் வரை நடை, அங்கிருந்து முதல் மின்சார ரயிலில் பரங்கிமலை. பட்டணத்தில் நமக்கு வாய்த்த மலை அது ஒன்றுதானே. உச்சியில் மாதா கோயில் வரை நூற்று முப்பது சொச்சம் படி, போக வர ஒரு தடவை, தினமும்.

முதல் நாள் பாதிப் படி ஏறுவதற்குள் கோட்டுக்குள்ளே நான் வெந்துபோனேன். அடிவாரத்தில் மெழுகுவத்தி விற்கிற தாயம்மாள் என்கிற ஸ்திரீ பின்னாலேயே ஓடிவந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "இன்னா நைனா, உள்ள கல்லா கீது?" என்றாள். எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. போய்விடு தாயே என்கிற அர்த்தத்தில் கையைக் கூப்பினேன். அவ்வளவுதான் மச்சான். கம்பளி உடுத்தி, கல் சுமந்து, மௌன விரதம் பூண்டு ஒருவர் மலை மாதாவுக்குத் தபசு செய்கிறார் என்று மறுநாளைக்குள் பரங்கிமலை, கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பூராவும் சேதி. மூன்றாம் நாள் நான் போய் இறங்கும்போது ஒரு சிறு கூட்டம் காத்திருக்கிறது. "எம் பொண்ணுக்கு அஞ்சு வருஷமா புள்ள இல்ல நைனா, அவளுக்கோசரம் ஒரு கல்லு சேத்துத் தூக்கு" என்று ஒருத்தி. புருஷன் பர்மாவிலிருந்து இன்னும் திரும்பவில்லை என்று ஒருத்தி. நான் ஏற்காட்டுக்குப் போகிறேனம்மா என்று சொன்னால் அழுகிற பொம்பிளை நம்புவாளா? வாங்கிக்கொண்டேன். ஒரு வாரத்தில் குழவியோடு தினம் ஏழு கல். மலைக் கோயில் திருநாள் நெருங்க நெருங்கப் பன்னிரண்டு. அத்தனையையும் சுமந்து ஒரு நாள் தவறாமல் உச்சிக்கு ஏறிக் கோயில் சுவரோரமாக வைத்திருக்கிறேன், வேண்டுமானால் யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இது இப்படியிருக்க, நம் கோயில் பாடற்குழு ஐவி அம்மாள் மலைக்குப் பூசை காண வந்தவள் என்னைப் பார்த்துத் தொலைத்தாள். அன்று சாயங்காலம் சாந்தோமே இரண்டு கட்சி. ஐரினுக்குத் தீராத வியாதி, அதற்காகத்தான் புருஷன் கல் சுமக்கிறார் என்பது ஒரு கட்சி. லூயிஸ் வாத்தியார் வெளியில் சொல்ல முடியாத பாவம் எதையோ செய்துவிட்டார் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சியார் ஆட்டுக்கால் சூப்போடு வந்து ஐரினின் கன்னத்தைத் தடவிப் பெருமூச்சு விட்டார்கள். இரண்டாம் கட்சியார் என்னைக் கண்டதும் வீட்டுப் பெண்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்கும் மேலே நம் பங்குச் சுவாமியார் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். ரொம்பவும் மனம் நொந்த முகத்தோடு, "இவ்வளவு பெரிய அபராதம் நான் உமக்கு விதிக்கவில்லையே. இருபது வருஷமாக என்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர், இப்போது எந்தப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னீர்?" என்றார். யாரிடமும் போகவில்லை சுவாமி, பனிக்காலத்தில் உல்லாசமாக மலையேறுவதற்குப் பயிற்சி என்றேன். அவர், பொய் சொன்னதற்கு மூன்று ஜெபமாலை சொல்லும்படி கட்டளையிட்டார். சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் ஐரின் மூன்று நாளாகப் பேசவில்லை. அம்மிக்குழவி மூட்டையிலேயே கிடந்ததால் மூன்று வாரமாகத் துவையலும் இல்லை. கடைசியில் "அந்தக் கல்லு யாருக்காக?" என்று மட்டும் கேட்டாள். உனக்காகத்தான் என்றேன். சூப்புக் கட்சி சொன்னது நிஜம்தான் என்று நினைத்து ஓவென்று அழுதுவிட்டாள். பிறகு உட்கார வைத்து, பூகோளப் படத்தை விரித்து, சேலம், அடிவாரம், ஏற்காடு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆகட்டும்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக இமயமலைக்கே அம்மிக்கல்லையும் சேர்த்துச் சுமப்பேன். ஆகையால் மச்சான், பனி விழட்டும், அட்டை கடிக்கட்டும், ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், என் தீர்மானம் தீர்மானம்தான். இந்த ஜனவரியில் ஐரின் மலையைப் பார்ப்பாள், கரும்பலகையில் அல்ல.

அல்போன்சா அக்காவுக்கு என் வந்தனம். உங்கள் வலையில் மீனும் உங்கள் வீட்டில் சமாதானமும் குறையாதிருக்க மலை மாதாவை மன்றாடுகிறேன், அந்த மாதாவுக்கு இப்போது என்னை நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உறுதி குலையாத,
சூ. லூயிஸ்

பின்குறிப்பு: அண்ணே, இது ஐரின். தபால்ல போடச்சொல்லி என்கிட்ட குடுத்துட்டு அவர் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கிட்டுப் படுத்திருக்கார். ரெண்டு காலும் பூசணிக்காயா வீங்கியிருக்கு, வாசப்படி இறங்க முடியல, அதை மட்டும் எழுத மறந்துட்டார்.

ஐவி வந்து சொன்ன மறுநாளே நான் அவர் பின்னாடியே நடந்து, ரயில்ல பெண்கள் பெட்டியில ஏறிப் போனேன், எவள்னு பார்க்கலாம்னு. எவளும் இல்லை. எழுபதாவது படியில உட்கார்ந்து, கல்லையெல்லாம் இறக்கிவச்சுட்டு, குல்லாவை மூஞ்சிக்கு இழுத்துக்கிட்டு அரை மணி நேரம் தூங்கினார். எழுந்து குழவியை மட்டும் கட்டிக்கிட்டு இறங்கிப்போய்ட்டார். தினமும் அதே படிதான் அண்ணே, ஒருநாள்கூட மேலே போகலை. ஆனா ஜனங்க நம்பிக் குடுத்த கல்லு, பாதி வழியில கிடக்கலாமா? நான்தான் மடியில கட்டி மேலே கொண்டுபோய் வச்சேன். அவர் கிண்டியில காப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வீட்டுல அடுப்பு மூட்டியிருவேன். முதல் நாள் வைராக்கியத்துல ஏறினேன். ரெண்டாம் நாள் கல்லுக்காக ஏறினேன். அப்புறம் எனக்காகவே ஏறினேன். இந்த ஐம்பது வயசுல எனக்கு மூச்சே வாங்கலைன்னா பார்த்துக்கோயேன்.

அதனால இருபத்தாறாம் தேதி கட்டாயம் வண்டி அனுப்பு. அதுல அவர் வருவார், நான் பேசி ஏத்திவிடறேன். வண்டி இங்கே வரும்போதே அதுல அல்போன்சா அண்ணியை ஏத்தி அனுப்பு, ரெண்டு கம்பளியோட. ரெண்டாந்தேதி ரயிலுக்கு நாங்க ரெண்டு பேர் போறோம், வெள்ளைத்துரைக்கு நானே எழுதிட்டேன். மலைப் பேச்சை எடுத்து அவரைக் கிண்டல் பண்ணாதே, அவர் எனக்காகத்தான் அவ்வளவும் பண்ணினார். அவர் தினமும் உச்சி வரைக்கும் ஏறினார்னுதான் சாந்தோம் பூராவும் நான் சொல்லிட்டு வர்றேன், நீயும் அப்படியே சொல்லணும்.