கரடியும் கியர் ஆயிலும்

ஒரு காட்டில், எல்லாக் காடுகளிலும் இருப்பது போலவே, ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. மற்ற எந்தக் காட்டிலும் இல்லாதபடி, அங்கே ஒரு தண்ணீர் லாரியும் இருந்தது.

காட்டின் நடுவே ஒரு மலை. மலைமேல் மான்களும் முயல்களும் முள்ளம்பன்றிகளும் குடியிருந்தன. பங்குனி பிறந்தால் மேலே இருந்த சுனை வற்றிவிடும். கீழே ஆற்றில் தண்ணீர் இருக்கும். ஆனால் ஆற்றில் முதலைகளும் இருக்கும். ஆகவே சிங்கம் பெரிய மனசு பண்ணி ஒரு டேங்கர் லாரி வாங்கிக் கொடுத்தது. கிளட்சை மிதித்தே தேய்த்துவிடும் டிரைவர்கள்மேல் அதற்கு நம்பிக்கை இல்லை. அதனால் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் லாரியாகப் பார்த்து வாங்கியது. "இனி டிரைவர் தூங்கினாலும் வண்டி போகும்" என்று திறப்பு விழாவில் பேசியது. டிரைவர் வேலைக்கு வந்த காட்டுப்பன்றி வீரமுத்து, அந்த ஒரு வரியை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டது.

லாரி கொட்டகைக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டது கரடி மாசிலாமணி. நல்ல கரடி. வேலையில் சுத்தம். ஒரே ஒரு பலவீனம்தான். யாராவது தன்னை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டே இருக்கும்.

வாரம் தவறாமல் மாசிலாமணி லாரியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லும். ஓடிச் சூடேறி வந்த வண்டியை அணைக்க விடாது. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து ஆயில் குச்சியை உருவும். துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அளவு பார்க்கும். குறைந்தால் ஊற்றும், கூடினால் நுரைத்துவிடும் என்று கொஞ்சம் வடிக்கும். ஆயில் மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும். கருகிய வாடை வருகிறதா என்று மோந்து பார்க்கும். கரடி மூக்கிடம் எந்த ஆயிலும் பொய் சொல்ல முடியாது. பாரத்தோடு மலையேறும் வண்டி என்பதால், சமவெளி லாரிகளுக்குச் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றிவிடும். கியர்பாக்ஸ்மேல் இருந்த தகட்டில் எந்த வகை ஆயில் என்று பொறித்திருந்ததோ, அதைத் தவிர வேறொன்றைக் கொட்டகைக்குள் விடாது.

லாரி ஒருநாளும் நிற்கவில்லை. மலைமேல் எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். குடித்துவிட்டு வேறு விஷயம் பேசினார்கள்.

ஒருமுறை மாசிலாமணி தானும் லாரியில் ஏறி மேலே போனது. வரிசையில் நின்ற ஒரு பெண்மானிடம் போய், கொஞ்சம் கூச்சத்தோடு, "நான்தாம்மா இந்த வண்டிக்குக் கியர் ஆயில் மாத்துறது" என்றது.

"ஓகோ" என்றது மான். "அந்தக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லேன்."

கரடி குழாயைத் திறந்துவிட்டு இறங்கி வந்தது.

இரண்டு கோடை இப்படியே போயிற்று. மூன்றாவது கோடைக்கு முன்னால் சிங்கம் சிக்கன மாநாடு கூட்டியது. சிக்கன ஆலோசகராக வந்திருந்த நரி ஞானப்பிரகாசம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தது.

"மாசிலாமணி சார், இந்த லாரியோட கியர்பாக்ஸ் இதுவரைக்கும் ஒரு தடவையாவது ரிப்பேர் ஆச்சா?"

"இல்லைங்க" என்றது கரடி பெருமையாக. இதோ, கேட்டுவிட்டார்கள்!

"ரிப்பேரே ஆகாத பொருளுக்கு எதுக்கு இத்தனை ஆயில்?"

சபை கைதட்டியது. கரடிக்கு முதலில் அது தனக்கு விழுந்த கைதட்டு என்றே பட்டது. சிங்கத்தின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

நரி மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தது. "சகல வண்டித் தைலம். நம்ம தம்பியோட தயாரிப்புதான். லாரி, டிராக்டர், கிரைண்டர், மூட்டுவலி எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்."

ஆயில் தேர்வுக் குழு அங்கேயே கூடியது. மயில் டப்பாவின் நிறம் நன்றாக இருப்பதாகச் சொன்னது. யானை, வாசனை மங்களகரமாக இருப்பதாகச் சொன்னது. கடைசியில் சிங்கம் ஒரு நகத்தால் தொட்டுத் தன் முழங்காலில் தடவிப் பார்த்தது. "குளுகுளுன்னு இருக்கே! இதையே வாங்கிடுங்க."

மாசிலாமணி பதறிப்போய் எழுந்தது. "மகாராஜா, அந்தப் பெட்டிக்குள்ள தட்டுத் தட்டா கிளட்ச் இருக்கு. அது பிடிக்க வேண்டிய நேரத்துல பிடிக்கறதும், விட வேண்டிய நேரத்துல விடறதும் இந்த ஆயிலாலதான். சூட்டையும் அதுதான் வெளியில கொண்டுவருது. தகட்டுல போட்டிருக்கிற வகையைத் தவிர வேற ஊத்தினா வழுக்கும். வழுக்கினா கருகும்."

"பிடிக்கவும் வைக்கும், விடவும் வைக்கும்னு சொல்றியே, ஏதாவது ஒண்ணுல நிக்க மாட்டியா?" என்றது சிங்கம் எரிச்சலாக. "ஊத்துறியா, இல்ல கொட்டகைச் சாவியைக் குடுக்குறியா?"

கரடிக்குக் கொட்டகையை விட்டால் போக்கிடம் இல்லை. ஊற்றியது. பழையதை வடித்துவிட்டாவது ஊற்றலாம் என்று பார்த்தால், "நல்ல ஆயிலை எதுக்குக் கீழ கொட்டணும்? மேலயே கலந்துவிடுங்க சார்" என்று நரி பக்கத்திலேயே நின்றுகொண்டது.

சித்திரை பிறப்பதற்குள் வீரமுத்து வந்து தலையைச் சொறிந்தது. "சார், வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு. எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. அப்புறம் திடீர்னு பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி கியர் விழுது. என்னால தூங்கவே முடியல."

மாசிலாமணி குச்சியை உருவிப் பார்த்தது. மாதுளைச் சாறு, காப்பிக் கசடாகியிருந்தது. தீய்ந்த தோசையின் நாற்றம். விரலில் தேய்த்தால் நறநறவென்று பொடி. கரடி நேராக நரியிடம் ஓடியது.

"அது உழைப்போட வாசனை சார்" என்றது நரி. "இத்தனை நாள் உங்க கியர்பாக்ஸ் சும்மா இருந்திருக்கு. இப்பத்தான் வேலை செய்யுது."

சிங்கத்திடம் ஓடியது. சிங்கம் கேட்டது: "வண்டி இன்னைக்கு மேல போச்சா?"

"போச்சு மகாராஜா, ஆனா..."

"போச்சுல்ல? அப்புறம் என்ன ஆனா?"

மறுநாள் மனசு கேட்காமல் மாசிலாமணியும் லாரியில் ஏறிக்கொண்டது. டேங்க் நிறையத் தண்ணீர். உச்சிக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான கொண்டை ஊசி வளைவில், எஞ்சின் ஊளையிட்டது. சக்கரம் அசையவில்லை. பிறகு அசைந்தது, பின்பக்கமாக.

"சார்! பிடிக்க மாட்டேங்குது சார்!" என்று அலறியது வீரமுத்து. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றது. வளைவுக்குக் கீழே முயல்களின் வளைகள். மாசிலாமணி கதவைத் திறந்து குதித்தது. கிடந்த பாறையை உருட்டிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துத் தன் முதுகையும் சேர்த்து வைத்து முட்டுக் கொடுத்தது. லாரி ஒரு முனகலோடு நின்றது. வண்டியின் அடியிலிருந்து சகல வண்டித் தைலம் கொதித்து வழிந்து கரடியின் முதுகு ரோமத்தைப் பொசுக்கியது.

மேலே குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் என்பது அதற்கு நினைவு வந்தது. இந்தக் கையால்தானே ஊற்றினோம் என்பதும் நினைவு வந்தது. எரிச்சலைப் பொருட்படுத்தாமல் மலைமேல் ஓடியது. நடக்க முடிந்தவர்களை லாரி நின்ற வளைவுக்கு இறங்கச் சொன்னது. முடியாத குட்டிகளை முதுகிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு, வளைவுக்கும் உச்சிக்குமாக ஏறி இறங்கியது. கடைசியாகத் தூக்கி வந்த மான்குட்டி கண்ணைத் திறக்கவே இல்லை. கரடி லாரியின் குழாயடியில் உட்கார்ந்து, அதன் நாக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. வெகுநேரம் கழித்துக் குட்டி ஒருதரம் இருமியது. பிறகு விழித்தது.

மாசிலாமணி வாய்விட்டு அழுதது.

தாய்மான் பக்கத்தில் வந்து நின்றது. அன்றைக்குக் குழாயைத் திறந்துவிடச் சொன்ன அதே மான்தான். கரடியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. "சாமி மாதிரி வந்தீங்க. உங்க பேர் என்ன?" என்று கேட்டது.

கரடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இவ்வளவையும் மயில் செல்போனில் படம் பிடித்திருந்தது. சாயங்காலத்துக்குள் காடு முழுக்க அதே பேச்சு. அந்த வாரமே பாராட்டு விழா. சிங்கம் தன் கையால் பொன்னாடை போர்த்தி, 'மலை காத்த மாசிலாமணி' என்று பட்டம் கொடுத்தது. புதுக் கியர்பாக்ஸ் வாங்கித் தரும் ஒப்பந்தத்தை நரியின் தம்பிக்குக் கொடுத்தது. நரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வாழ்த்துரை வழங்கியது.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். மாசிலாமணி மைக்கைப் பிடித்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தது. "இதெல்லாம் நடந்திருக்கவே கூடாதுங்க. ஒழுங்கா அதே ஆயிலை ஊத்தியிருந்தா..."

"பாத்தீங்களா, எவ்வளவு தன்னடக்கம்!" என்றது சிங்கம்.

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மான்கள் அழுதன. முயல்கள் குட்டிகளைத் தூக்கிக் காட்டின. கரடி மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தது. வாரம் தவறாமல் குச்சி உருவிய காலத்தில் ஒரு எறும்புகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பொன்னாடை முதுகுப் புண்ணில் உராய்ந்தது. ஆனாலும் கதகதப்பாக இருந்தது. மாசிலாமணி வாயை மூடிக்கொண்டு கும்பிட்டது.

அடுத்த மாதம் காட்டின் எல்லாப் பொறுப்பாளர்களுக்கும் தலைமை ஆலோசகராக அதற்குப் பதவி உயர்வு வந்தது. முதல் ஆளாக வந்தது, ஆற்றின் தொங்கு பாலத்துக்குப் பொறுப்பான நாரை.

"சார், பாலத்துல ஒரு போல்ட் லூசா இருக்கு. முறுக்கிடட்டுமா?"

 கரடியின் கை பழக்கதோஷத்தில் ஸ்பானரைத் தேடி மேசைமேல் ஊர்ந்தது. பிறகு நின்றது.

"முறுக்கினா யாருக்குத் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டது.

"யாருக்கும் தெரியாது சார்."

"அந்தப் பக்கம் யார் வர்றாங்க?"

"வெள்ளிக்கிழமை மகாராஜாவும் ஞானப்பிரகாசம் சாரும் பார்வையிட வர்றாங்க சார்."

மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது. "அப்ப ஒண்ணு செய். போல்ட்டை விட்டுடு. நல்ல கயிறா ஒண்ணு வாங்கிக்கிட்டுக் கரையில நில்லு. மயிலுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை."

நாரை காலை மாற்றி ஊன்றியது. "ஆத்துல முதலை இருக்கே சார்? நான் கயிறு போடறதுக்குள்ள..."

"ஒருத்தரையாவது எடுத்துடுவேல்ல? அது போதும். பொன்னாடை உனக்குத்தான்" என்றது மாசிலாமணி.

நீதி: பிள்ளைகளே, ஓடுகிற வண்டிக்கு ஆயில் மாற்றினால் உங்களைச் செலவாளி என்பார்கள், நின்றுபோன வண்டிக்கு முதுகு கொடுத்தால் தெய்வம் என்பார்கள். ஆகவே குச்சியை உருவிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், முதுகை நன்றாக வளர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் படம் பிடிக்க ஆள் வந்து சேருவதற்கு முன்னால் வண்டியைத் தாங்கிவிடாதீர்கள்.