சூரியனில் ஒன்பது புள்ளி

அரைகுறையாகப் படித்துவிட்டு ஊருக்கு யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இருபத்திரண்டு வயதில் நானே அப்படித்தான் இருந்தேன்.

யுத்த காலம். ராசிபுரத்தில் ஒரு நூல் கடையில் வேலை. கடையில் பேட்டரி ரேடியோ ஒன்று இருந்தது. சூரியனில் புள்ளிகள் பெருகினால் சிற்றலை ஒலிபரப்பு கெடும் என்று ஏதோ பத்திரிகையில் படித்தேன். அவ்வளவுதான்! கரி பூசிய கண்ணாடித் துண்டு வழியாகத் தினமும் சூரியனைப் பார்த்து, இன்று ரேடியோ எடுக்கும், எடுக்காது என்று குறி சொல்ல ஆரம்பித்தேன். (பாதி நாள் பலிக்கவும் செய்தது. அதுதான் வினை.)

நாமகிரிப்பேட்டை அத்தையின் மகன் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்தில் இருந்தான். அவன் தங்கையைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். அண்ணன்காரன் வந்து நிற்காமல் கல்யாணம் கிடையாது என்று அத்தை ஒரே பிடிவாதம். அப்போது அவனிடமிருந்து கடிதம் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ரேடியோவில் வீட்டாருக்குப் பேசப்போகிறானாம்.

அன்று காலை, அதைக் கேட்க எங்கள் கடைக்குக் கிளம்பி அவர்கள் வண்டி கட்டும்போது சைக்கிளில் போய் இறங்கினேன்.

"சூரியன்ல ஒம்பது புள்ளிங்க அத்தை. இன்னிக்கு வெறும் கொரகொரப்புத்தான். வீணா அலையாதீங்க."

"நெசமாத்தான் சொல்றயா சாமி?"

"நாஞ் சொல்லித் தப்பியிருக்குதுங்களா?"

மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள்.

ஐந்து மணிக்குச் சும்மா திருகிப் பார்த்தேன். மச்சான் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோலப் பேசினான்! "அம்மா, நான் நல்லாருக்கறேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தங்கச்சி கல்யாணத்த வர்ற தையிலயே முடிச்சுப்போடுங்க."

ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பழைய துண்டு உடைந்துபோனதால், முந்தின நாள்தான் மருந்து சீசா ஒன்றை உடைத்துப் புதிதாகச் செய்திருந்தேன். அதைத் திருப்பத் திருப்ப ஒன்பது புள்ளிகளும் கூடவே சுற்றின. அத்தனையும் சீசாவின் குமிழிகள்.

மறுபடி சைக்கிளை மிதித்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலைல ஒண்ணுமே கேக்காதுன்ன. இப்பக் கேட்டுதுங்கற. கேட்டதும் உங் கல்யாணச் சேதியாப்பா?"

கதவுக்குப் பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"அவங் கொரலு எப்பிடி இருந்துச்சு சாமி?"

"கொஞ்சம் சளி புடிச்சாப்பல இருந்துச்சுங்க."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பட்ட வெட்கம் போல் என் ஆயுளில் நான் பட்டதில்லை.

சண்டை ஓய்ந்து, மச்சான் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் கல்யாணம் நடந்தது. அதற்குள் மூன்று தை போய்விட்டது.

இன்றைக்கும் "இன்னிக்கு யாரும் வர மாட்டாங்க" என்று நான் வாய் திறந்தால் போதும், என் மனைவி உலையில் கூட ஒரு படி அரிசி போடுகிறாள். இதுவரை ஒரு நாளும் சோறு மீந்ததில்லை.