ஜெராக்ஸ் மெஷினை நகர்த்திய விவகாரம்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். உங்கள் உடம்பும் அக்காவின் முழங்காலும் தேவலை என்று நம்புகிறேன். இங்கே நான், என் மனைவி, எங்களோடு இருக்கும் உங்கள் கடைசித் தங்கை, நாற்பத்தொரு வயதிலும் நம் எல்லோருக்கும் சின்னவளாகவே இருக்கிறாளே அவள், மூவரும் சுகம். மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறோமா என்பது வேறு விஷயம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு மாதத்துக்கு முன் நீங்கள் வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை நகர்த்தி நகர்த்தி, உங்கள் பேரிங் தொழிற்சாலையில் லீன் என்ற முறையைக் கொண்டுவந்ததைச் சொன்னீர்கள். வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் சரக்கு, இவற்றை ஒழித்தால் எந்த வேலையும் பாதி நேரத்தில் முடியும் என்றீர்கள். நீங்கள் பேரிங்கைப் பற்றித்தான் சொன்னீர்கள். நான் என் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். தப்பு உங்கள்மேல் இல்லை. கையில் சுத்தியல் கிடைத்தால் சுவரெல்லாம் ஆணி தேடுகிற ஜாதி நான்.

முதலில் வீட்டில்தான் ஆரம்பித்தேன். கூடத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டி, செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, செய்து முடித்தவை என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினேன். ஒரே நேரத்தில் கையில் மூன்று வேலைக்குமேல் இருக்கக்கூடாது என்று சட்டமும் போட்டேன். முதல் வாரம் நான் முடித்த வேலைகள், பலகை வாங்கியது, பலகை மாட்டியது, சீட்டு வெட்டியது. நாலாம் நாள் பார்த்தால் நடுக்கட்டத்தில் என் மனைவியின் கையெழுத்தில் ஒரு சீட்டு, 'சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, ஏழாவது மாதம்' என்று. அது நடுக்கட்டத்தில் இருக்கக்கூடாது, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, முதல் கட்டத்துக்குப் போகவேண்டும் என்று நான் விளக்கினேன். அவள் சொட்டுகிற குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீடு இன்னும் பக்குவப்படவில்லை என்று முடிவு செய்து, ஆபீஸ் பக்கம் திரும்பினேன்.

எங்கள் ஆபீஸ் உங்களுக்குத் தெரியும். குடிதண்ணீர் இணைப்பு கேட்டு விண்ணப்பம் போட்டால் நாற்பத்தொரு நாள் ஆகிறது என்று மேலிடத்திலிருந்து ஓலைமேல் ஓலை வந்துகொண்டிருந்த சமயம். மேலாளர் கூட்டம் போட்டு, யாருக்காவது யோசனை இருக்கா என்று கேட்டார். ஆபீஸில் அந்தக் கேள்விக்கு எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்ப்பதுதான் வழக்கம். நான் கை தூக்கினேன். முப்பது வருஷ சர்வீஸில் செய்யாத காரியம். பத்து நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. காத்திருப்பு எவ்வளவு பெரிய விரயம் என்பதை விளக்கவே முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் மேலாளர், "என்ன வேணாலும் பண்ணுங்க, இப்ப உக்காருங்க," என்றார். அதை நான் அதிகாரபூர்வமான அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

யார் எவ்வளவு நடக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள் அல்லவா. ஆபீஸின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு ஒரு நாள் முழுக்க என் பிரிவிலேயே வேலை பார்க்கும் சின்னவளின் பின்னால் நடந்தேன். சொந்தத்தில் ஆரம்பித்தால் பாரபட்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள் பாருங்கள். சாயங்காலம் அந்தத் தாள் பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி இருந்தது. ஆனால் ஒரு கோடு மட்டும் தடித்து நின்றது. அவள் மேசையிலிருந்து, நடைபாதை கடந்து, மாடிப்படி திரும்பி, கோடியில் இருக்கும் பதிவறை வாசலிலுள்ள ஜெராக்ஸ் மெஷினுக்கு. போக எண்பத்து நான்கு காலடி, வர எண்பத்து நான்கு. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று லட்சத்து அறுபத்து இரண்டாயிரத்துச் சொச்சம். அத்தனையும் வீண் நடை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது மச்சான். கொலம்பஸுக்குக்கூட இப்படி இருந்திருக்காது.

மறுநாளே மெஷினைப் பெயர்த்துக்கொண்டுவந்து அவள் மேசைக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. அவள் நன்றி சொல்லவில்லை. மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல. மெஷின் நட்டநடுவில் வந்துவிட்டதால் ஆபீஸ் முழுக்க அங்கேதான் கூடியது. பிள்ளையின் மார்க் பட்டியலை நகல் எடுக்க வருகிறவர், கட்டை விரலையே நகல் எடுத்துப் பார்க்கிறவர், வந்ததற்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர். பேசுவதற்கு நானும் போவேன், முன்னேற்றத்தைக் கண்காணிக்கவேண்டும் அல்லவா. ஒரு நாளைக்கு முப்பது விண்ணப்பம் முடித்துக்கொண்டிருந்தவள் பத்தொன்பதுக்கு இறங்கினாள்.

இன்னொன்று எனக்கு அப்போது தெரியாது. அவள் நகல் எடுக்க மட்டும் அங்கே போகவில்லை. பதிவறைக்காரரிடம் பழைய கோப்பை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து சரிபார்த்து, நகல் எடுத்து, கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். பதிவறைக்காரரை ஆபீஸில் முற்றுப்புள்ளி என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தை, அத்தோடு சரி. இப்போது நடையை ஒழித்துவிட்டதால், கோப்பு வேண்டுமென்றால் சீட்டு எழுதித் தட்டில் போடவேண்டும், அவர் தட்டில் வைத்து அனுப்புவார் என்று நான் ஏற்பாடு செய்தேன். சரிபார்க்கிற வேலை சீட்டில் எழுதப்படவில்லை. விளைவு, நாற்பது நாளாகத் தண்ணீருக்குக் காத்திருந்த சலவைக்கடைக்காரருக்கு, அவர் காலமாகிவிட்டதால் விண்ணப்பம் ரத்து செய்யப்படுகிறது என்று எங்கள் ஆபீஸிலிருந்து கடிதம் போய்விட்டது. அதே பெயரில் வேறொருவர் காலமாகியிருந்தார். சலவைக்கடைக்காரர் நேரில் வந்து, கூட்டத்துக்கு நடுவே மெஷின்மேல் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"சார், நான் சாகல. ஆனா இன்னும் ஒரு மாசம் தண்ணி வரலன்னா உங்க லெட்டர் சரியாயிடும்."

அவரைச் சமாதானப்படுத்தி, அந்த வாரமே இணைப்புக் கொடுக்க வழி செய்தது சின்னவள்தான். அன்று சாயங்காலமே ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் கேட்டு என் மேசையில் விண்ணப்பம் வைத்தாள். அந்த இடத்துக்கு யாரும் கேட்டுப் போனதில்லை, தண்டனையாகத்தான் போவார்கள். அப்பா அம்மா போனபிறகு நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த பெண். பத்து வருஷமாக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் இருந்தவள். என்னமோ பெரிதாகக் கெடுத்துவிட்டோம் என்று புரிந்தது. எதைக் கெடுத்தோம் என்று புரியவில்லை. அப்போது உங்கள் அடுத்த பாடம் நினைவுக்கு வந்தது. ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் எந்தக் கோளாறின் வேரும் வெளியே வந்துவிடும் என்றீர்களே. கேட்டேன்.

"ஏன் மாற்றல் கேக்குற?"

"இங்க வேலை ஓடல அத்தான்."

"ஏன் ஓடல?"

"மெஷின் பழைய இடத்துல இருந்தப்ப ஓடிச்சு."

"ஏன், அங்க என்ன இருக்கு?"

"அங்க போயிட்டு வந்தா மனசுக்கு ஒரு நிம்மதி."

"ஏன் அங்க மட்டும் நிம்மதி?"

அவள் நடைபாதைப் பக்கம் பார்த்தாள். "அதை எப்படி உங்ககிட்ட சொல்றது," என்றாள்.

ஐந்தாவது 'ஏன்' கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். எனக்குப் பொறி தட்டியது. நிம்மதி, நடைபாதை, கண்ணீர், சொல்லமுடியாத ஒன்று. மூன்று லட்சத்து அறுபத்து இரண்டாயிரம் காலடியும் ஒரு மனிதனை நோக்கி நடந்தவை. அதை வீண் என்று சிவப்புப் பேனாவால் அடித்த மகாபாவி நான். நேரே பதிவறைக்குப் போனேன். அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். சட்டை கசங்காத, கல்யாணம் ஆகாத மனிதர். அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார், மற்றதில் ஒரு பஞ்சு மெத்தை போட்டிருந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

"வர்றவங்களுக்கு," என்றார்.

"இப்ப யாரும் வர்றதில்லையே."

"இல்ல."

அந்த 'இல்ல'வில் இருந்த வருத்தத்தை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். சுற்றி வளைக்காமல், எங்கள் வீட்டுச் சின்னவளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டேன். அவர் கையிலிருந்த கோப்பு நழுவி, தாளெல்லாம் தரையில் சிதறியது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எண் வரிசைப்படி அடுக்கி, நாடாவும் கட்டியபிறகுதான் நிமிர்ந்தார்.

"அவங்களைக் கேட்டீங்களா?"

"அதெல்லாம் அஞ்சு தடவை கேட்டாச்சு."

நாடாவின் முடிச்சை அவிழ்த்து இன்னொரு தரம் கட்டிவிட்டு, "சரி," என்றார்.

ஆகவே மச்சான், மெஷினை நேற்றே பழைய இடத்துக்கு அனுப்பிவிட்டேன். மாற்றல் விண்ணப்பம் என் இழுப்பறையில் பூட்டியிருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு நாம் பார்க்காத இடமில்லை. கடைசியில் அமைந்தது எண்பத்து நான்கு காலடி தூரத்தில். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அக்காவும் வந்து, பெரியவராக இருந்து பேசி முடிக்கவேண்டும். என் மனைவியிடமும் சின்னவளிடமும் இன்னும் சொல்லவில்லை. சந்தோஷச் செய்தி உங்கள் வாயால் வரட்டும். லீன் முறையால் நாற்பத்தொரு நாள் நாற்பத்தெட்டாக ஆனது உண்மைதான். ஆனாலும் ஒரு கல்யாணம் கூடிவந்ததே, அந்தப் புண்ணியத்தில் பாதி உங்களுக்கு.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்லபடியாக இருக்கட்டும். உங்கள் தொழிற்சாலையில் எல்லாம் நேரத்துக்கு முடியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள தங்கை புருஷன்

பின்குறிப்பு: உறை தேடப் போன ஐந்து நிமிஷத்தில் மேசையிலிருந்த இந்தக் கடிதத்தைச் சின்னவள் படித்துவிட்டாள். மூன்று எழுத்துப்பிழையும் திருத்தியிருக்கிறாள். பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "அத்தான், நான் அவருக்காக அங்க போகல. வீட்டுலயும் உங்க பேச்சு, ஆபீஸ்லயும் உங்க பேச்சு. அந்தக் கட்டடத்துலயே உங்க குரல் கேக்காத ஒரே இடம் அந்த மூலைதான். இதை எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னுதான் அழுதேன்." ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். அவள் கடிதத்தை மறுபடி எடுத்து, பதிவறையில் நடந்ததை எழுதியிருந்த பகுதியை நிதானமாக இரண்டு தரம் படித்தாள். "அந்த மெத்தையை அவர் எப்ப வாங்கிப் போட்டாருன்னே எனக்குத் தெரியாது," என்றாள். அப்புறம், "இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட ஒரு தடவைகூட ஏன்னு கேட்டதில்ல. அண்ணன் வரட்டும். நீங்க மட்டும் அன்னிக்கு வாயத் திறக்காம இருந்தா போதும்," என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.