தோள்மட்டம் பார்த்த வீடு

1944 மே 21, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஜப்பான்காரர்கள் டோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்திருந்ததால், மணி ஏழைத் தாண்டியும் பிரிக்பீல்ட்ஸில் விடியவில்லை. மரவள்ளிக்கிழங்கை வேகப் போட்டேன். முன்கூடத்தின் பூப்போட்ட தரையோடுகளை ஈரத்துணியால் துடைத்தேன். மாடி ஜன்னல்களைத் திறந்தேன். வாசலில் தொங்கிய ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகையைத் தூசி தட்டி நேராக மாட்டினேன். பிறகு நாற்காலியை வெளியே போட்டுக்கொண்டு தோள்மட்டத்துக்காகக் காத்திருந்தேன்.

மலாயாவிலேயே ஒரு வீட்டை வாங்காமல், வாடகைக்கும் எடுக்காமல், அதில் முழுசாகக் குடும்பம் நடத்திய மனிதர் தோள்மட்டம் ஒருவர்தான்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாடி. நடுவில் வானம் பார்த்த முற்றம். தேக்குப் படிக்கட்டு. மழை பெய்தால் முற்றத்தில் விழும் சத்தம் மாடிவரை கேட்கும். கட்டியவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவர் மகனோடு இருக்கக் கிள்ளானுக்குப் போனபோது, மாடி முன்னறையில் குடியிருந்த என்னிடம் சாவியைக் கொடுத்து, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டச் சொன்னார். நான் ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. சொன்ன வேலையைச் சரியாகச் செய்பவன். வந்தவர்களுக்கெல்லாம் சாக்கடை அடைத்துக்கொள்ளும் இடத்தை முதலில் காட்டினேன். அடுத்துக் கரையான் அரித்த உத்தரத்தைக் காட்டினேன். அதற்குமேல் பார்க்க யாரும் நிற்கவில்லை.

தோள்மட்டம் மட்டும் நின்றார். அவர் முதன்முதலாக வந்தது 1942 கடைசியில். ரயில் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவர். பனைமர உயரம். வாசலுக்கு வந்தவர் விலையும் கேட்கவில்லை, விவரமும் கேட்கவில்லை.

“கிராணியாரே, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க.”

நின்றேன். பக்கத்தில் வந்து, என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, அப்படியே தன் தோள்வரை இழுத்துப் பார்த்தார்.

“அதே உசரம். நம்ம சரசு உசரம். வாங்க, வீட்டப் பாப்போம்.”

சரசு அவர் மனைவி. தம்பி கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் போனவள். அவள் கிளம்பிய கப்பலுக்குப் பின்னால் யுத்தம் வந்துவிட்டது. திரும்பி வரக் கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. பட்டறைத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறையில் எட்டுப் பேரோடு படுத்திருந்தவர், அவள் வரும்போது நல்ல வீடாகப் பார்த்துவைக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். அளந்து பார்க்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன்.

“அந்தச் சுவர்ப் பலகையில இருக்கற டப்பாவ எடுங்க,” என்றார் சமையலறையில். எம்பி எடுக்கப் போனேன்.

“குதிகால தூக்கக் கூடாது கிராணியாரே. அவ தூக்க மாட்டா.”

“தூக்காம எட்டலியே தம்பி.”

“அப்ப இந்த வீடு சரிப்படாது,” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. என்னை அம்மிக்கு முன்னால் உட்காரவைத்து, முதுகு சுவரில் இடிக்கிறதா என்று பார்த்தார். இடுப்பில் குடத்தோடு தேக்குப் படிக்கட்டில் ஏறவைத்தார். காலிக் குடம் கனம் காட்டாது என்று தண்ணீரும் நிரப்பினார். மாடி ஜன்னலில் நிற்கவைத்து, கீழே தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து, “நான் தெரியறனா?” என்று கேட்டார்.

“தெரியறீங்க.”

“எது வரைக்கும்?”

“முழுசா.”

“இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க,” என்றார். நின்றேன்.

அந்த வீட்டு வாசல் நிலைகள் எல்லாம் தாழ்வு. ஒவ்வொன்றிலும் தலையை இடித்துக்கொள்வார். உயர்த்திக் கட்டலாமே என்றால், “எனக்கு இடிச்சா இடிக்கட்டும். மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டணும்ல,” என்பார். எதைப் பேசினாலும் பேச்சு அவர் தோளுக்கே வந்து நிற்கும். அதனால்தான் தெருவே அவரைத் தோள்மட்டம் என்றது.

தெரு என்னையும் விடவில்லை. பக்கத்தில் காப்பிக்கடை வைத்திருந்த சீன அம்மாள், அவர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்ததுமே, “கிராணி, லாக்கி சூடா டாத்தாங் லா,” என்று குரல் கொடுப்பாள். புருஷன் வந்தாச்சு என்று அர்த்தம். காப்பிக் கொட்டைக்குப் பதில் மரவள்ளியை வறுத்துக் கொடுத்த அந்த நாளிலும் அவள் கடையில் சிரிப்புக்குக் குறைவில்லை.

இனி அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று தோள்மட்டம் கையில் தூக்குச்சட்டியோடு வந்தார். உள்ளே ஒரு கிளாஸ் பால். தன்னிடமிருந்த நல்ல சட்டையைக் கொடுத்து மாட்டுக்காரரிடம் வாங்கியிருந்தார்.

“குடிவர்ற அன்னிக்குப் பால் காய்ச்சணும்ல. எந்தப் பக்கம் பொங்குதுன்னு இப்பவே பாத்து வெச்சுக்கலாம். சும்மா ஒத்திகைதான்.”

“ஒத்திகைக்கா சட்டையக் கொடுத்தீங்க?”

“நல்ல நாளுக்கு வேற சட்டை போட்டுக்கலாம். நீங்க அடுப்பு கிட்ட நில்லுங்க. துண்ட முந்தானை மாதிரி போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் வாசலில் கரிப்புகை கக்கிக்கொண்டு ஒரு கார் நின்றது. கிள்ளானிலிருந்து வீட்டுக்காரரே அனுப்பிய காண்டிராக்டர். யுத்தத்தில் கொழித்தவர், இரண்டு தங்கப் பல். உள்ளே நுழைந்து சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். கரையான் உத்தரத்தைக் காட்டினேன். “மாத்திக்கலாம்,” என்றார். சாக்கடையைக் காட்டினேன். “தோண்டிக்கலாம்,” என்றார். என் கையிருப்பு அவ்வளவுதான்.

“முற்றத்த மூடிருவோம். மேல பூரா அரிசி மூட்ட அடுக்கலாம். சமையல்கட்டு எதுக்கு, இடிச்சிரலாம். நாளைக்கே பத்திரம் எழுதிருவோம் கிராணி.”

தோள்மட்டம் அடுப்பை விட்டு அசையவில்லை. நிலையில் இடிக்காமலே தலை குனிந்திருந்தது. காண்டிராக்டர் சமையலறை வாசலுக்கு வரவும் பால் பொங்கி வழிந்தது.

காண்டிராக்டர் அப்படியே நின்றார். “பாலா காய்ச்சறீங்க? யாரு குடிவந்தது?”

தோள்மட்டம் என்னைப் பார்த்தார். நான் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

“கிழக்குப் பக்கமாத்தான் பொங்குச்சுங்க,” என்றேன்.

காண்டிராக்டர் உள்ளே வைத்த காலைப் பின்னால் எடுத்தார். “இன்னொருத்தன் பால் காய்ச்சின வீட்டுல போயி நான் சரக்க எறக்கினா வெளங்குமா? ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வார்த்த சொல்லலியே லா,” என்று முனகிக்கொண்டே காரில் ஏறினார். அவர் சொன்ன விஷயம் கிள்ளானில் எப்படிப் பரவியதோ, அதன்பின் வாங்க யாரும் வரவில்லை. வீட்டுக்காரரும் யுத்தம் முடியட்டும் என்று விட்டுவிட்டார். இப்போது அதுவும் முடிந்துவிட்டது. நாகப்பட்டினத்துக் கப்பல் மட்டும் இன்னும் ஓடவில்லை. அதை விசாரிக்கத் தோள்மட்டம் போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்குப் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போவதில்லை.

அன்று கார்ச் சத்தம் தேய்ந்த பிறகு, அவர் பாலை இரண்டு கிளாஸில் ஊற்றினார்.

“கிராணியாரே, இந்த வீட்ட வாங்க எனக்கு வக்கில்ல.”

“மொத வாரமே தெரியும் தம்பி.”

“அப்புறம் ஏன் வாராவாரம் காட்டினீங்க?”

“பாக்க வர்றவங்களுக்குக் காட்டச் சொல்லியிருக்காங்க.”

அடுப்பில் வழிந்திருந்த பாலைத் துடைத்தார். “இப்பல்லாம் அவ மூஞ்சி சட்டுனு நெனப்புக்கு வர மாட்டேங்குது. உசரம் ஒண்ணுதான் நிக்குது. அதுவும் போயிருமோன்னுதான் இங்க வரேன்.” பிறகு ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளினார். “இது அவ பங்கு. நீங்கதான் குடிக்கணும்.”

குடித்தேன். சர்க்கரை இல்லை.

மறுநாள் காலை, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கும் முன்னால், சுத்தியலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். டப்பா இருந்த சுவர்ப் பலகையைக் கழற்றினேன். சுவரோரம் இரண்டு குதிகாலும் தரையில் பதிய நின்று, கை எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு இழுத்து, பலகையை அங்கே அடித்தேன். டப்பா எட்டியது.

சரசுவுக்கும் எட்டும்.